கழுத்தளவுத் தண்ணீர்

அந்தக் கதவிலே மட்டும் சாயாதே பாப்பா. மற்ற எதிலே வேண்டுமானாலும் சாய்ந்துகொள். தேக்கு ஜன்னல் இருக்கிறது, இரும்புக் கிராதி இருக்கிறது, ஏன் என்று கேட்க மாட்டேன். இது மட்டும் வேண்டாம். பார்த்தால் பூச்சி அரித்த பலாக் கதவு மாதிரி இருக்கும். பூச்சி அரித்த பலாக் கதவேதான். ஆனாலும் சாயாதே.

இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். என்ன கேட்டாய்? முன்னே நடந்த ஆராய்ச்சியாலே எங்கள் தெருவுக்கு எவ்வளவு பலன், ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ளே ஒரு நம்பர் சொல்லவேண்டுமா? நான் முப்பது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறேன். எவராவது வந்து என்னை முதலில் நம்பர் சொல்லச் சொன்னால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். நீ சொல்லேன், எத்தனை போட்டால் உங்கள் ஆபீசிலே சந்தோஷப்படுவார்கள்? சொல்லமாட்டாயா? கெட்டிக்காரிதான். சரி, அந்த டேப்லெட்டை மடியிலே வை. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே ஒரு நம்பர் போட்டுக்கொள்.

என் பேர் தேசம்மா. கதவுக்கடை தேசம்மா என்றால் கால்வாய்க்கு இந்தக் கரையிலும் தெரியும், அந்தக் கரையிலும் தெரியும். இடிக்கிற வீட்டிலே சித்தாளாகப் போனவள் நான். கல் சுமந்தேன். கல்லோடு வந்த ஆணியைப் பொறுக்கி நிமிர்த்தி விற்றேன். ஆணி ஜன்னலாச்சு, ஜன்னல் கதவாச்சு. பள்ளிக்கூடத்திலே இரண்டாம் கிளாஸ் டீச்சர் என்னை அடித்தாள், நான் திருப்பி அடித்தேன், அதோடு சரி. அப்புறம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் என்னை ஏமாற்றினவர்கள்தான். ஆளுக்கு ஒரு பாடம். அதிலே முதல் பாடம் என்ன தெரியுமா? உள்ளதை உள்ளபடி முதலில் சொல்கிறவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவாள். ஒன்று வேண்டும் என்றால் இரண்டு கேட்கவேண்டும். எதிராளி பாதியாக அறுப்பான். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு போகலாம். இது பொய் இல்லை பாப்பா. இது மரியாதை. எதிரே நிற்கிறவனுக்கு அறுக்க ஏதாவது வைக்க வேண்டுமா, இல்லையா?

எதிர்வீட்டிலே ஒருத்தி இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டிருக்கிறாளே, நீலப் புடவை, அவள் பேர் அமலோற்பவம். அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. பதிமூன்று வருஷம் ஆகிறது. அவளுக்கு நான் ஒரு கதவு விற்றேன். அதிலே பூச்சி இருந்தது என்கிறாள். பழைய கதவிலே பூச்சி இல்லாமல் பூனைக்குட்டியா இருக்கும்? நியாயத்தைச் சொல்லு. அவள் பேரமே பேசவில்லை. நான் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கதவைத் தூக்கிக்கொண்டு போனாள். பேரம் பேசாதவளுக்கு நல்ல கதவாகப் பார்த்துக் கொடுக்க எனக்கு எப்படி மனசு வரும்? அவமானப்படுத்தின மாதிரி இல்லையா அது? "உனக்குப் பேரம் பேசத் தெரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டேன். அன்றைக்கு வாயை மூடினவள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் உப்புக்கிடங்குத் தெருவிலே ஐப்பசி கார்த்திகையிலே தண்ணீர் வரும். வடிகால் கேட்டுப் பதினோரு மனு கொடுத்திருக்கிறோம். பதினோரு தடவையும் 'ஆய்வு செய்யப்படும்' என்று கடுதாசி வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாசியிலே நிஜமாகவே ஆய்வு வந்து நின்றது. ஃபிரேசர் என்று ஒரு வெள்ளைக்காரன். இங்கிலாந்திலே ஏதோ யுனிவர்சிட்டி. ஆறடிக்கு மேலே உயரம். என் கடைக்குள்ளே நுழையும்போது மூன்று கதவு நிலையிலே தலையை இடித்துக்கொண்டான், மூன்று தடவையும் நிலையிடம் மன்னிப்புக் கேட்டான். அப்போதே தெரிந்துவிட்டது, இவன் பிழைக்கத் தெரியாதவன் என்று. கூட சௌம்யா என்று ஒரு பெண், இந்த ஊர்க்காரி, அவனுடைய இங்கிலீஷை எங்களுக்குத் தமிழாக்கிச் சொல்ல.

"அம்மா, இது சும்மா எழுதிட்டுப் போற ஆராய்ச்சி இல்லைம்மா. நாலு நாட்டிலே நாலு ஊர் எடுத்திருக்கோம். மக்கள் சொல்றதை அப்படியே பெரிய அதிகாரிங்க முன்னாடி கொண்டுபோய் வைக்கிறதுதான் நோக்கம்" என்றாள்.

"வெச்சா கேப்பாங்களா?"

"கேக்க வைப்போம்மா."

"எவ்வளவு கேப்பாங்க? பாதியா, காலா?"

சிரித்தாள். சிரிக்கிற கேள்வியா அது? எவ்வளவு அறுப்பார்கள் என்று தெரியாமல் நான் எவ்வளவு கூட்டிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றார்கள். சனிக்கிழமை சாயந்திரமே தெருவிலே இருக்கிற நாற்பது வீட்டையும் அடிபம்பு பக்கத்திலே கூட்டினேன்.

"நல்லா கேட்டுக்கோங்க. நாளைக்கு வெள்ளைக்காரர் தண்ணி எவ்வளவு உயரம் வரும்னு கேப்பாரு. நாம முழங்கால்னு சொன்னா இந்தப் பொண்ணு கணுக்கால்னு எழுதும். ஆபீசுக்குப் போனா பாதம்னு ஆயிடும். பெரிய ஆபீசர் மேசைக்குப் போறதுக்குள்ள தரையே காஞ்சிடும். அதனால நாளைக்கு இந்தத் தெருவிலே எவனுக்கும் முழங்கால் கிடையாது. எல்லாருக்கும் கழுத்துதான்."

"பொய்யாச்சே அக்கா?" என்றான் லாரி ஓட்டுகிற பரசுராமன். நெட்டைப் பரசுராமன் என்போம்.

"தையல்காரன் சட்டை சுருங்கும்னு ரெண்டு விரல் கூட விடறானே, அது பொய்யாடா? சுருக்கறதுக்குன்னே ஆபீஸ் வெச்சிருக்கான். நாம கூட விட்டாத்தான் நம்ம அளவு நமக்குக் கிடைக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அமலோற்பவம் கூட்டத்துக்கு வரவில்லை. உளுந்து ஊறப்போட்டிருக்கிறாளாம்.

ஞாயிறு காலையிலே மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னாலே பந்தல். டீ, சமோசா. தரையிலே கோலமாவாலே எங்கள் தெருவை எங்களையே வரையச் சொன்னார்கள். என் கடையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். அப்புறம் ஃபிரேசர் ஒரு கம்பு எடுத்து வந்தான், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கம்பு. ஒவ்வொருவராக வந்து, தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று உடம்பிலே கைவைத்துக் காட்டவேண்டும். அவன் கம்பைப் பக்கத்திலே வைத்து அளந்து எழுதுவான்.

பரசுராமன் வந்தான். கழுத்திலே கை வைத்தான். ஐந்தடி. அடுத்து அவன் பக்கத்து வீட்டு வரலட்சுமி வந்தாள். அவள் ஆளே என் தோள் உயரம்தான். அவளும் கழுத்திலே கை வைத்தாள். மூன்றே முக்கால் அடி. இரண்டு வீட்டுக்கும் நடுவிலே ஒரே சுவர்.

ஃபிரேசர் கம்பைப் பார்த்தான், பரசுராமனைப் பார்த்தான், வரலட்சுமியைப் பார்த்தான், குனிந்து தரையைப் பார்த்தான். சௌம்யா காதிலே என்னமோ சொன்னான்.

"ஒரே செவத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சடி, இந்தப் பக்கம் மூணேமுக்கால் அடி. தண்ணி எப்படிம்மா சாஞ்சு நிக்குதுன்னு கேக்கறார்."

"எங்க தெருத் தண்ணி அப்படித்தான். கால்வாய்த் தண்ணி பாரு, குடிக்கிற தண்ணி மாதிரி ஒழுங்கா நிக்காது" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டான், பாவி. சந்தோஷமாக எழுதிக்கொண்டான். எழுதினதுக்குக் கீழே இரண்டு கோடு வேறே.

எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. நாற்பது வீடு கழுத்து என்கிறது, இவன் ஒரு வார்த்தை அறுக்கவில்லை. 'கழுத்தா? அவ்வளவெல்லாம் இருக்காதும்மா' என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்டதை அப்படியே வாங்கிப் பையிலே போடுகிற ஆளைக் கண்டால் பயப்படவேண்டும் பாப்பா. நான் பயப்படவில்லை. சமோசா சூடாக இருந்தது.

கடைசியாக அமலோற்பவம் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, "முன்னெல்லாம் முழங்காலுக்குக் கீழே. இப்போ மூணு வருஷமா முழங்காலுக்கு மேலே நாலு விரல். பெரிய வெள்ளத்தப்போ மட்டும் தொடை" என்றாள்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பது கழுத்துக்கு நடுவிலே ஒரு முழங்கால்! "அவளைக் கேக்காதீங்க மேடம், விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாவு கரைக்கிறவ, பாதி நாள் தூக்கக் கலக்கம்" என்றேன்.

"என் வீட்டுக் கதவிலே கோடு இருக்கு, வந்து பாருங்க" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல், சௌம்யாவிடம்.

போனோம். நானும் கூடப் போனேன். விடுவேனா? கதவுக்கு உள்பக்கம் ஆணியாலே கீறின கோடு, பதினோரு கோடு. கோட்டுக்குப் பக்கத்திலே புள்ளி புள்ளியாக வேறே இருந்தது. ஃபிரேசர் முட்டி போட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்தான். அமலோற்பவம் அடுப்பைப் பார்க்க உள்ளே போன ஒரு நிமிஷம்தான். "இதென்ன கோடும்மா?" என்று சௌம்யா என்னைக் கேட்டாள். நான் கூசவே இல்லை.

"பிள்ளைங்க வளர்ந்த உயரம். வருஷா வருஷம் நிக்க வெச்சு அளப்பா."

"எல்லாம் முழங்கால் உயரத்திலேயே இருக்கே?"

"அவங்க வம்சமே வளர்த்தி கம்மி."

"நடுவிலே ஒரு வருஷம் உசந்துட்டு மறுபடி குறையுதே?"

"அந்த வருஷம் டைபாய்டு."

எழுதிக்கொண்டாள். படித்த பெண் அவள்.

ஆறு மாசம் ஒரு சத்தமும் இல்லை. ஆவணியிலே சௌம்யா ஓடி வந்தாள். "அம்மா, உங்க குரல் போய்ச் சேர்ந்துடுச்சு! பெரிய ஹோட்டல்லே கூட்டம். அதிகாரிங்க எல்லாம் வர்றாங்க. தெருவிலேர்ந்து நாலு பேர் வாங்க."

நான், பரசுராமன், வரலட்சுமி மூன்று பேர். நாலாவது ஆளாக அமலோற்பவத்தைச் சௌம்யாவே கூப்பிட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஹோட்டலைப் பார்த்து வாய் பிளந்து உட்காரட்டுமே என்று விட்டேன்.

அந்த ஹோட்டலுக்கு வாசலிலே கண்ணாடி. நாம் கிட்டே போனால் தானாக விலகிக்கொள்கிறது. மரம் இல்லை, கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. அதைக் கதவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே வட்ட மேசை, குளிர், மேசைக்கு மேசை பூ. எதிர் மேசையிலே அதிகாரிகள். நடுவிலே ஒரு ஐ.ஏ.எஸ். அம்மா, கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். அவருக்குப் பக்கத்திலே இன்ஜினியர் வில்வநாதன் என்று ஒருவர், எங்கள் பக்கத்து வடிகாலெல்லாம் அவர் பொறுப்பாம். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

ஃபிரேசர் எழுந்து திரையிலே படம் போட்டான். ஊர் முழுக்க மஞ்சள், பச்சை. எங்கள் தெரு மட்டும் ஆட்டு ஈரல் நிறத்திலே ஒரு துண்டு. நான் வரலட்சுமி தொடையிலே கிள்ளினேன். "பார்த்தியாடி! நம்ம தெருதான் இருக்கிறதிலேயே சிவப்பு!" எனக்கு அப்படி ஒரு பெருமை. நடுவிலே அமலோற்பவத்தின் கதவும் வந்தது. அதுக்கு மேலே இங்கிலீஷிலே என்னமோ எழுத்து. 'இந்தத் தெருக் குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துக் குறைவு, மேலும் ஆராய வேண்டும்' என்று சௌம்யா எங்கள் மேசைக்குத் தமிழிலே சொன்னாள், குரல் கம்மி. அமலோற்பவம் திரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் பூவைப் பார்த்தேன்.

அப்புறம் வில்வநாதன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஆய்வு எங்க கண்ணைத் திறந்துடுச்சு. நாற்பது வீடு, கழுத்தளவு தண்ணி. இதைக் கேட்டுட்டு யாரும் சும்மா இருக்க முடியாது. இப்படிப்பட்ட இடத்திலே வடிகால் போட்டுப் பிரயோஜனமே இல்லை. ஒரே வழிதான். நாவல்வாக்கத்திலே அடுக்குமாடி தயாரா இருக்கு. மழைக்கு முன்னாடி நாற்பது குடும்பத்தையும் அங்கே மாத்திடலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் பாப்பா. நாலு தட்டு தட்டினப்புறம்தான் 'மாத்திடலாம்' காதுக்குள்ளே இறங்கியது.

நாவல்வாக்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டு பஸ் மாறி, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து, அப்புறமும் நடக்கவேண்டும். எங்களுக்கு நாலாவது மாடியாம். இந்தக் கடையைப் பார். இத்தனை நிலை, இத்தனை கதவு. இதை நாலாவது மாடிக்கு ஏற்றி, யார் படியேறி வந்து வாங்குவான்? பரசுராமன் லாரியை எங்கே நிறுத்துவான்? முப்பது வருஷம் ஆணி ஆணியாகச் சேர்த்தது. என் வாயாலேயே ஊதிக் கெடுத்துவிட்டேன்.

எழுந்தேன். நாற்காலி பின்னாலே விழுந்தது.

"சார், ஒரு நிமிஷம். கழுத்துன்னு சொன்னது உக்காந்திருக்கும்போது."



"தண்ணியிலே எதுக்கும்மா உக்காந்தீங்க?" என்றார் ஐ.ஏ.எஸ். அம்மா.

"எவ்வளவு நேரம்தான் நிக்கறது மேடம்? கால் வலிக்காதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் விடவில்லை. விட்டால் தெரு போச்சு. "சரி மேடம், கழுத்து வேணாம். இடுப்புன்னு போட்டுக்கோங்க."

"இடுப்பா?"

"மேடம், உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். முழங்கால். ஒரே பேச்சு. முடிச்சுக்கலாம்."

"என்னம்மா இது, கத்திரிக்கா வியாபாரமா?" என்று அவர் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் உனக்குத் தெரியாது. கோபம் வந்தால் நான் பேரத்தை மறந்துவிடுவேன். அது என் ஒரே குறை.

"அப்போ தண்ணியே வராது! எழுதிக்கோங்க! எங்க தெருவிலே சொட்டுத் தண்ணி வராது!"

வில்வநாதன் மைக்கைக் கீழே வைத்தார். என்னை உற்றுப் பார்த்தார். "சொட்டுத் தண்ணி வராது..." என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "நீங்க கதவுக்கடைதானே?"

அப்போதுதான் பிடிபட்டது, எங்கே பார்த்த முகம் என்று.

"மேடம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தம்மா கிட்டத்தான் சாமி ரூமுக்குக் கதவு வாங்கினேன். 'எங்க தெருவிலே சொட்டுத் தண்ணி வராது சார், இந்தக் கதவு ஈரமே பார்த்ததில்லை'ன்னு கற்பூரம் அணைக்காத குறையாச் சத்தியம் பண்ணாங்க. முதல் மழைக்கே உப்பி இறுகிப்போச்சு. ஒரு மாசம் சாமி உள்ளே, நாங்க வெளியே."

ஹாலே சிரித்தது. ஐ.ஏ.எஸ். அம்மா சிரிக்கவில்லை. "வில்வநாதன், அது உங்க ஏரியா இல்லையா? அங்கே தண்ணி வருமா வராதான்னு கதவு விக்கிறவங்க சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?" என்றார். வில்வநாதன் அந்த மைக்கை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்தார். அப்புறம் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நாற்பது வீடு கழுத்துங்குது. நீங்க சொட்டு இல்லைங்கறீங்க. எதை நம்பறது? ஒழுங்கா ஒரு அளவு சொல்ல ஒருத்தர் இல்லைன்னா, நான் கையிலே இருக்கிற ரிப்போர்ட்டை வெச்சுத்தான் முடிவு எடுக்கணும்."

ஃபிரேசருக்குச் சௌம்யா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அந்தக் கம்பு மாதிரி ஆள், சாய்ந்துபோய் நாற்காலியிலே உட்கார்ந்தான். நாலு நாடு, நாலு ஊர் என்று சுற்றினவன்.

எனக்குப் பக்கத்திலே அமலோற்பவம். தட்டிலே இருந்த கேக்கை ஸ்பூனாலே பொறுமையாகத் தின்றுகொண்டிருந்தாள். மடியிலே ஒரு நோட்டு, திறந்தே வைத்திருந்தாள். நோட்டு எதுக்கு எடுத்து வந்தாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"சொல்லேண்டி. உன் கதவிலேதான் அளவு இருக்கே, எழுந்து சொல்லேன்."

அவள் திரும்பாமலே, "தாமரைக் கதவு" என்றாள்.

தாமரைக் கதவு என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. கடைக்கு முன்னாலே நான் நிறுத்தியிருந்த பர்மா தேக்கு. மேலே தாமரை செதுக்கியிருக்கும். ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். விற்கவே மாட்டேன். கடைக்கு முகமே அதுதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைப்பேன்.

"வேப்பங்கதவு ஒண்ணு நல்லா இருக்கு, தர்றேன்" என்றேன்.

"தாமரைக் கதவு."

"பித்தளைக் குமிழ் போட்ட பூவரசு. புதுசு மாதிரி."

"தாமரைக் கதவு."

"அடியே, தெருவே போகுதுடி! நீயும்தான் நாலாவது மாடிக்கு இட்லிப் பானையைத் தூக்கணும்!"

"எனக்குப் பானை ஒண்ணுதான். உனக்குத்தான் கதவு நிறைய" என்று இன்னொரு ஸ்பூன் வாயிலே போட்டாள்.

முப்பது வருஷத்திலே இப்படி ஒரு எதிராளியை நான் பார்த்ததில்லை. ஒரு விலை சொன்னாள், அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏறவில்லை, இறங்கவில்லை. இதுக்குப் பேரம் என்றா பேர்? "எடுத்துத் தொலை" என்றேன்.

எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கதவுப் படத்தை மறுபடி போடுங்க. மேடம், எனக்கு ஒரே பொண்ணு. கல்யாணமாகிப் போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு. இது பிள்ளைங்க உயரம் இல்லை, தண்ணி உயரம். அடுத்த மழைக்குக் கிரைண்டரை எத்தனை கல்லு மேலே ஏத்தணும்னு தெரியறதுக்காக வருஷா வருஷம் கீறி வைப்பேன். பக்கத்திலே புள்ளி இருக்குதே, அது தண்ணி வடிய ஆன நாள். முன்னெல்லாம் ஒரு புள்ளிதான். பெரிய வெள்ளத்தப்போகூட ரெண்டுதான். இப்போ மூணு வருஷமா நாலு புள்ளி, அஞ்சு புள்ளி. மூணு வருஷத்துக்கு முன்னாடிதான் தெருமுனையிலே புது ரோடு போட்டாங்க. கால்வாய்க்குப் போற பெரிய குழாயை எடுத்துட்டுச் சின்னதா ஒண்ணு வெச்சாங்க. தேதியெல்லாம் நோட்டிலே இருக்கு."

நோட்டைக் கொண்டுபோய் அந்த அம்மா கையிலே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மிச்சக் கேக்கைத் தின்றாள்.

அன்றைக்குச் சாயந்திரமே ஐ.ஏ.எஸ். அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். வில்வநாதன் அளவு டேப் பிடித்துக் கதவுக் கோட்டை அளந்தார். முழங்காலுக்கு மேலே நாலு விரல். தெருமுனைக்குப் போய்க் குழாயைப் பார்த்தார்கள். அதுக்குள்ளே ஒரு குடம்கூட நுழையாது. "வீடு மாத்தற பேச்சு இப்போ வேணாம். முதல்லே இந்தக் குழாயை மாத்துங்க" என்றார் அந்த அம்மா. போன வருஷம் சித்திரையிலே மாற்றினார்கள். ஆள் குனிந்து போகலாம், அவ்வளவு பெரிய குழாய். தெரு தப்பித்தது.

இப்போது நீ சொல்லு, யாராலே? நான் முதலிலேயே கழுத்து என்றதாலேதானே அத்தனை பேரும் முழங்கால் வரைக்கும் இறங்கி வந்தார்கள்? நான் முழங்கால் என்றே ஆரம்பித்திருந்தால் எந்த ஐ.ஏ.எஸ். வந்திருப்பார்? அமலோற்பவத்துக்கு இதைச் சொன்னால் புரியாது. சௌம்யாவுக்கும் புரியவில்லை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அவங்க பேர் முன்னாடியே பேசறவங்க லிஸ்ட்லே இருந்துச்சேம்மா. கூட்டத்துக்கு முந்தின நாளே போன் பண்ணி, கதவைப் பத்தி நான் பேசணும்னு கேட்டாங்களே" என்கிறாள்.

"அப்போ என் தாமரைக் கதவு?"

"எந்தக் கதவும்மா?"

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். தாமரைக் கதவை மாட்டிக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "எப்படியும் பேசறதாத்தானேடி இருந்தே!" என்று கத்தினேன். அவள் கதவை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தாள். சத்தமே இல்லாமல் மூடியது.

"எனக்குப் பேரம் பேசத் தெரியாதுன்னு சொன்னியே" என்றாள்.

அவ்வளவுதான். அதோடு மறுபடி பேச்சு இல்லை.

ஃபிரேசர் ஊருக்குப் போகும்முன் வந்தான். மூன்று நிலையிலேயும் இடித்துக்கொண்டு வந்து, கை குவித்து மன்னிப்புக் கேட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கழுத்துன்னா நீ அறுக்க வேணாமாய்யா? ஒரு பேச்சுக்காவது மார்புன்னு கேட்டிருந்தா நான் இடுப்புக்கு வந்திருப்பேன், நீ முழங்காலுக்கு வந்திருப்பே, வேலை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்!" என்றேன். சௌம்யா சொல்லச் சொல்ல அதையும் எழுதிக்கொண்டான். இப்போது அதை வைத்துத் தனியாக ஒரு கட்டுரை போட்டிருக்கிறானாம். என் பேர் இல்லை, 'ஒரு பெண் வணிகர்' என்று இருக்கிறதாம். உன் டேப்லெட்டிலேகூட ஒரு கட்டம் இருக்கிறதே, 'பதில் சொல்பவர் கூட்டிச் சொல்வதாகத் தோன்றுகிறதா' என்று. நீ உள்ளே வந்ததும் அதிலே ஆமாம் போட்டாய், நான் பார்த்தேன். பரவாயில்லை. அது நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

இந்தப் பலாக் கதவா? ஆமாம், அதேதான். தாமரைக் கதவை எடுத்தாளே, பழையதை இங்கே கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனாள். நான் எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். மறுநாள் ஒரு கொத்தனாரோடு வந்து நின்றாள். ரப்பர் குழாயிலே தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, அவள் வீட்டுத் தரையும் இந்த இடமும் ஒரே மட்டம் வருகிற மாதிரி அடியிலே கல் வைத்து நிறுத்திவிட்டுப் போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கிலாந்திலே கண்காட்சிக்கு வைக்கவேண்டும், கொடுப்பாயா என்று ஃபிரேசர் எழுதிக் கேட்கிறான். கொடுக்கமாட்டேன். அதை எடுத்துவிட்டால் அப்புறம் அவள் எங்கே கீறுவாள்?

போன கார்த்திகையிலே தண்ணீர் வந்து வடிந்ததும் ஆணியை எடுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து கீறினாள். ஒரே ஒரு புள்ளி வைத்தாள். போய்விட்டாள். பார், இதுதான் அந்தக் கோடு. எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறதே, வெள்ளையாக.

அதையும் எழுதவேண்டுமா? இப்போது எவ்வளவு தண்ணீர் வருகிறது என்றா? எழுதிக்கொள். முழங்கால்.

ஏன் பாப்பா குனிகிறாய்? விரல் வைத்து அளக்கிறாயா? சரி, முழங்கால் வேண்டாம். கணுக்காலுக்கு மேலே மூன்று விரல்.

அங்கே என்ன திரும்பிப் பார்க்கிறாய்? அவளா? அவள் பானை கழுவுகிறாள், அவளுக்கு என்ன தெரியும்? இரண்டு விரலைக் காட்டுகிறாளா?

சரி. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இரண்டரை என்று எழுது.